பதறாத காரியம் சிதறாது



ஒரு காலத்தில் குடும்பத்தின் முக்கியமான தாள்கள் யாவும் பீரோவின் உள்ளறையிலோ தகரப் பெட்டியிலோ பத்திரமாக இருந்தன. சாவி வீட்டுத் தலைவியின் இடுப்பில் இருந்தது. இன்றோ மகளின் கல்லூரி விண்ணப்பம், மகனின் வேலைக்கான தன்விவரக் குறிப்பு, கடையின் வரவு செலவுக் கணக்கு, திருமண அழைப்பிதழுக்கான முகவரிப் பட்டியல் என அனைத்தும் கணினியில் வேர்ட், எக்ஸெல் கோப்புகளாக இருக்கின்றன. பெட்டி மாறிவிட்டது. ஆயினும் அதன் பூட்டைப் பழுதின்றி வைத்துக்கொள்ளும் பொறுப்பு மாறவில்லை.

இக்கோப்புகளைத் திறக்க உதவும் ஆஃபீஸ் மென்பொருளுக்கு அவ்வப்போது ‘அப்டேட்’ எனப்படும் புதுப்பிப்புகள் வருகின்றன. ஒருநாள், புதுப்பிப்பை நிறுவ இயலவில்லை என்னும் அறிவிப்பு திரையில் தோன்றுகிறது. அப்போது நம் இல்லங்களில் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நிகழ்கிறது. ஒருவர், ‘வேலைதான் நடக்கிறதே’ என்று அறிவிப்பை மூடிவிட்டு மறந்துவிடுகிறார். மற்றொருவர் பதறிப்போய் மென்பொருளையே நீக்கிவிடுகிறார். மூன்றாமவர் இணையத்தில் தேடிக் கண்ட ஏதோ ஒரு தொலைபேசி எண்ணை அழைக்கிறார். இம்மூன்றும் ஏன் தவறு என்பதையும், சரியான வழி யாது என்பதையும் இத்திங்கள் சற்று விரிவாகக் காண்போம்.

அலட்சியம் ஏன் ஆகாது?

புதுப்பிப்பு என்றால் புதிய பொத்தான்களும் புதிய வண்ணங்களும் மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். அதன் முதன்மையான பணி ஓட்டைகளை அடைப்பதாகும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2003ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையன்று பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிட்டு வருகிறது.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவேன். வேர்ட் கோப்புகளில் கணிதச் சமன்பாடுகளை எழுத உதவிய ‘ஈக்குவேஷன் எடிட்டர்’ என்னும் சிறிய துணைநிரல் ஒன்று இருந்தது. 2000ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட அந்நிரலில் ஒரு பிழை பதினேழு ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது. தீய நோக்குடன் தயாரிக்கப்பட்ட ஒரு கோப்பை நாம் திறந்தால், அப்பிழையின் வழியே அயலார் ஒருவர் தமது நிரலை நம் கணினியில் இயக்கிவிட முடியும். 2017 நவம்பரில் அதற்கான திருத்தம் வெளிவந்தது. 2018 ஜனவரியில் அத்துணைநிரலே முற்றாக நீக்கப்பட்டது. ஆயினும் 2020 மே மாதத்தில், அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமையும் எஃப்.பி.ஐ.யும் 2016 முதல் 2019 வரையில் தாக்குதலுக்கு மிகுதியாகப் பயன்படுத்தப்பட்ட பிழைகளின் பட்டியலை வெளியிட்டபோது, இப்பிழையும் அதில் இடம்பெற்றிருந்தது. மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அதை உட்கொள்ளாதவர்கள் அத்தனை பேர் இருந்தனர் என்பதே அதன் பொருள். புதுப்பிப்பு நிறுவப்படாத கணினி வழக்கம்போல் இயங்கத்தான் செய்யும். தாழ்ப்பாள் விழாத கதவும் பார்வைக்கு மூடியே இருக்கும் அல்லவா?

முதலில் அச்சத்தை அகற்றுவோம்

‘எதையாவது தொட்டால் கோப்புகள் அழிந்துவிடுமோ’ என்னும் அச்சமே பலரைக் கைகட்டி நிற்க வைக்கிறது. வேர்ட் என்பது எழுதும் கருவி. நீங்கள் எழுதி, கணினியில் சேமித்த கோப்பு தனியே இருக்கிறது. பேனாவை மாற்றுவதால் குறிப்பேட்டில் எழுதியது மறைவதில்லை. அதுபோலவே, ஆஃபீஸ் மென்பொருளைச் செப்பனிட்டாலும், நீக்கி மீண்டும் நிறுவினாலும், சேமித்து வைத்த கோப்புகள் அவ்வாறே இருக்கும். எனினும் முன்னெச்சரிக்கை நல்லது. எதைத் தொடங்குமுன்னும் முக்கியமான கோப்புகளை ஒரு பென் டிரைவிலோ வெளிப்புற ஹார்ட் டிஸ்கிலோ படியெடுத்து வைத்துவிடுங்கள். திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்து மூடிவிடுங்கள்.

அறிவிப்பை வாசியுங்கள்

அடுத்து, திரையில் தோன்றிய அறிவிப்பை வாசிக்க வேண்டும். அதை மூடுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது அதிலுள்ள எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நோயாளி தன் வேதனையைச் சொல்வதுபோல் கணினி தன் இடரைச் சொல்லும் மொழி அந்த எண்.

விண்டோஸ் இன்ஸ்டாலர் என்னும் நிறுவும் முறையைக் கையாளும் பழைய ஆஃபீஸ் பதிப்புகளிலும், லிப்ரே ஆஃபீஸ் போன்ற மென்பொருள்களிலும் சில எண்கள் வரக்கூடும். 1618 என்றால், வேறொரு நிறுவல் முன்பே நடந்துகொண்டிருக்கிறது, அது முடியும்வரை பொறுத்திருங்கள் என்று பொருள். 1602 என்றால், பயனரே இடையில் நிறுத்திவிட்டார் என்பதாகும். 3010 என்னும் எண்ணைக் கண்டு கலங்குவோர் உண்டு. உண்மையில் அது தோல்வியே அன்று. பணி முடிந்தது, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள் என்பதே அது கூறும் செய்தி. 1603 மட்டும் பொதுவான தோல்வியைக் குறிப்பது. அதற்குக் காரணத்தைத் தேடித்தான் காண வேண்டும்.

எளியதிலிருந்து கடினத்திற்கு

காரணத்தைத் தேடும்போது இரண்டு விதிகளை மறந்துவிடலாகாது. எளிய காரணத்தை முதலில் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, பலனைக் கண்ட பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். ஐந்து மாற்றங்களை ஒருசேரச் செய்தால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்பது விளங்காது.

முதலாவது, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். மூடி வைத்துத் திறப்பது போதாது, ‘ரீஸ்டார்ட்’ என்பதையே தேர்ந்தெடுங்கள். பின்னணியில் அரைகுறையாக நின்றுபோன வேர்டோ அவுட்லுக்கோ புதுப்பிப்புக்குக் குறுக்கே கிடந்தால், அது இதனால் விலகும்.

இரண்டாவது, இடம். ஆஃபீஸ் மென்பொருளுக்கு 4 ஜிபி வட்டு இடம் வேண்டும் என்று அதன் நிறுவனமே வரையறுத்துள்ளது. நம் வீட்டுக் கணினிகளில் ‘சி’ வட்டை நிரப்புபவை பெரும்பாலும் திருமண வீடியோக்களும் கைப்பேசியிலிருந்து இறக்கிய படங்களுமே. அவற்றை வெளிப்புற ஹார்ட் டிஸ்கிற்கு மாற்றி, ‘ரீசைக்கிள் பின்’ எனப்படும் குப்பைக்கூடையையும் காலி செய்தால் பாதி இடர் தீரும்.

மூன்றாவது, இணைய இணைப்பு. புதுப்பிப்பு சில சமயம் பல நூறு எம்பி அளவில் இருக்கும். கைப்பேசியின் அன்றாட டேட்டா அளவு இடையிலேயே தீர்ந்துவிட்டால் நிறுவல் பாதியில் நிற்கும். விபிஎன் போன்றவை இயங்கினால் அவற்றை நிறுத்திவைத்து முயலுங்கள்.

நான்காவது, கணினியின் தேதியும் நேரமும். பழைய கணினிகளில் உள்ளிருக்கும் சிறிய வட்ட மின்கலம் தீர்ந்துபோனால் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். இணையத்தில் எதிர்முனையில் இருப்பது உண்மையான நிறுவனம்தானா என்பதை உறுதிசெய்யும் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தேதி தவறாயின் அச்சான்றிதழ் செல்லாததாகத் தோன்றி, இணைப்பு மறுக்கப்படும்.

ஐந்தாவது, மின்சாரம். மடிக்கணினியாயின் சார்ஜரில் இணைத்துவிட்டுத் தொடங்குங்கள். மேசைக் கணினியாயின், மின்வெட்டு வரக்கூடிய நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பாதி நிறுவலில் மின்சாரம் போனால் பழையதும் புதியதும் கலந்து எதுவும் சரிவர இயங்காத நிலை வரலாம்.

இவற்றைச் சரிபார்த்த பின், வேர்டைத் திறந்து ‘ஃபைல்’ பட்டியலில் ‘அக்கவுண்ட்’ என்பதற்குச் செல்லுங்கள். அங்கே ‘அப்டேட் ஆப்ஷன்ஸ்’ என்னும் பொத்தான் இருந்தால், அதற்குள் ‘அப்டேட் நவ்’ என்பதைச் சொடுக்குங்கள். 2019 பதிப்பும் அதற்குப் பின் வந்தவையும் ‘கிளிக் டு ரன்’ எனப்படும் இம்முறையிலேயே புதுப்பிக்கப்படுகின்றன. பழைய முறையில் நிறுவப்பட்ட பதிப்புகளில் இப்பொத்தான் இராது. அவற்றுக்குரிய திருத்தங்கள் விண்டோஸ் அப்டேட் வழியாகவே வந்துகொண்டிருந்தன.

செப்பனிடுதல்

அப்போதும் பலனில்லையெனில் செப்பனிடும் வழி இருக்கிறது. விண்டோஸ் 11இல் ‘செட்டிங்ஸ்’, ‘ஆப்ஸ்’, ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ என்னும் வரிசையில் சென்று, ஆஃபீஸ் மென்பொருளின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கி ‘மாடிஃபை’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு வாய்ப்புகள் தோன்றும். ‘குயிக் ரிப்பேர்’ விரைவானது, இணையம் வேண்டாதது. முதலில் இதனைச் செய்யுங்கள். ‘ஆன்லைன் ரிப்பேர்’ ஏறத்தாழ முழு மென்பொருளையும் மீண்டும் இறக்கி நிறுவுவதற்கு ஒப்பானது. அதற்கு நேரமும் நல்ல இணைய இணைப்பும் வேண்டும். முடிந்தபின் கணக்கில் மீண்டும் நுழையும்படி அது கேட்கலாம்.

முற்றாக நீக்கி மீண்டும் நிறுவுவது கடைசி வழி. அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். மென்பொருள் எந்த மின்னஞ்சல் கணக்கில் வாங்கப்பட்டது? அதன் கடவுச்சொல் யாரிடம் உள்ளது? நம் வீடுகள் பலவற்றில் கணினியை வாங்கி அமைத்துத் தந்தவர் இப்போது வளைகுடாவில் பணியில் இருப்பார். மென்பொருளை நீக்கிய பின்னர், அவர் பணி முடிந்து அழைக்கும் நள்ளிரவு வரை காத்திருப்பதும், மறுநாள் காலையில் மகள் சமர்ப்பிக்க வேண்டிய கட்டுரை நின்றுபோவதும் தேவையற்ற துன்பம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 32 பிட், 64 பிட் என இரு வகைப் பதிப்புகள் உண்டு. ஒரே கணினியில் இவ்விரண்டும் கலந்திருக்க ஆஃபீஸ் இடம் தராது. முன்பிருந்த வகையையே மீண்டும் நிறுவுவது நலம்.

குறை நம்முடையதாக இல்லாதபோது

எல்லாம் சரியாக இருந்தும் தடை நீடிப்பதுண்டு. நிறுவனங்களும் தவறுவதுண்டு. 2019 நவம்பர் 12ஆம் நாள் வெளியான ஆஃபீஸ் பாதுகாப்புத் திருத்தம் ஒன்று, அக்சஸ் தரவுத்தளங்களில் சில வினவல்கள் சிதைந்துவிட்டதாகத் தவறான பிழைச்செய்தியைத் தோற்றுவித்தது. அதனைச் சரிசெய்யும் திருத்தங்கள் அடுத்த சில வாரங்களில் வந்தன. இத்தகைய வேளைகளில் பொறுமையே மருந்து.

பதிப்பின் ஆயுள் முடிந்திருத்தலும் ஒரு காரணமாகலாம். ஆஃபீஸ் 2013க்கான ஆதரவு 2023 ஏப்ரல் 11 அன்றும், ஆஃபீஸ் 2016, 2019 ஆகியவற்றுக்கானது 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவடைந்தன. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் அந்த 2025 அக்டோபர் 14ஆம் நாளுடனேயே முடிந்தது. ஆயுள் முடிந்த பதிப்பைச் செப்பனிட்டுக்கொண்டே இருப்பதால் புதிய பாதுகாப்பு வந்துவிடாது. புதிய பதிப்பு வாங்க வசதியில்லாதோர் மனந்தளர வேண்டியதில்லை. லிப்ரே ஆஃபீஸ் என்னும் மென்பொருள் விலையின்றி, முறையாகக் கிடைக்கிறது. வேர்ட், எக்ஸெல் கோப்புகளை அது திறக்கும். அதன் பட்டியல்களைத் தமிழிலும் அமைத்துக்கொள்ளலாம்.

இரண்டு படுகுழிகள்

முதலாவது, திருட்டுப் பதிப்பு. சில நூறு ரூபாய்க்கு ‘எல்லாம் போட்டுத் தருகிறேன்’ என்பவர் நிறுவிச் செல்லும் பதிப்பில், உரிமச் சோதனையை ஏமாற்றும் நிரலும் சேர்ந்தே வரும். அது இயங்குவதற்காக வைரஸ் தடுப்பை நிறுத்தும்படி கேட்பார்கள், புதுப்பிப்பையும் அடைத்துவைப்பார்கள். அத்தகைய கணினியில் புதுப்பிப்பு தோற்பதில் வியப்பேது? பிறர் உழைப்பைக் களவாடுவது ஒரு தீங்கு, நம் வீட்டுக் கதவை அயலாருக்குத் திறந்துவிடுவது மற்றொரு தீங்கு.

இரண்டாவது, போலி உதவியாளர்கள். மைக்ரோசாஃப்டின் பிழை அறிவிப்புகளில் ஒருபோதும் தொலைபேசி எண் இராது என்று அந்நிறுவனமே தெரிவித்துள்ளது. திரையில் எண்ணைக் காட்டி ‘உடனே அழையுங்கள்’ என்றால் அது மோசடி. தாமாகவே அழைத்து, ‘உங்கள் கணினியில் கோளாறு, இந்தச் செயலியை நிறுவுங்கள்’ என்பாரையும் நம்பலாகாது. அவர்கள் கேட்பது உங்கள் கணினியின் கட்டுப்பாட்டை, பின்னர் வங்கிக் கணக்கை. இந்தியாவில் பணத்தை இழக்க நேர்ந்தவர்கள் காலந்தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணில் முறையிட வேண்டும்.

வீட்டில் ஒரு குறிப்பேடு

நிறைவாக ஒரு வேண்டுகோள். ஒரு சிறிய குறிப்பேட்டில் கணினியின் விண்டோஸ் பதிப்பு, ஆஃபீஸ் பதிப்பு, அது 32 பிட்டா 64 பிட்டா, எந்த மின்னஞ்சல் கணக்கில் வாங்கப்பட்டது, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பனவற்றை எழுதி வையுங்கள். கடவுச்சொல்லைத் தனித்தாளில் எழுதி, நகைப்பெட்டி இருக்கும் இடத்திலேயே வையுங்கள். பிழை எண் ஏதேனும் தோன்றினால், அதையும் அது எவ்வாறு தீர்ந்தது என்பதையும் தேதியுடன் குறியுங்கள். அடுத்த முறை அவ்வெண் தோன்றும்போது விடை உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

இக்குறிப்பேட்டை வீட்டிலுள்ள பெண்களும் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும். ஆண்கள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் இல்லங்களில் இது மிகவும் இன்றியமையாதது. கணினியைச் சீராக வைத்திருக்கப் பட்டமோ பொறியியல் அறிவோ வேண்டியதில்லை. திரையில் உள்ளதை நிதானமாக வாசிக்கும் பழக்கமும், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்க்கும் பொறுமையும் போதும். வரும் விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு அக்குறிப்பேட்டின் முதல் பக்கத்தை எழுதத் தொடங்குங்கள்.