டிக்கெட் வெட்டிய பிறகு யார் பார்ப்பது?



பேராதனை போதனா வைத்தியசாலையிலோ கண்டி தேசிய வைத்தியசாலையிலோ புரொஸ்டேட் சுரப்பிக்கு ஒப்பரேஷன் செய்துகொண்டு லயத்துக்குத் திரும்புகிற அப்பாமார், தாத்தாமாரைப் பற்றி இம்முறை எழுத வேண்டியிருக்கிறது. நம்மவர்களுக்கு இதைப் பேச வெட்கம். இரவெல்லாம் மூத்திரம் போகாமல் தவித்தாலும் மனைவியிடம்கூடச் சொல்லாதவர்கள் இருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் மிஸ்ஸிமார் பார்த்துக்கொள்வார்கள். டியூப் வழியாகச் சேலைன் விட்டுக் கழுவுவதும், இரத்தக் கட்டி அடைக்கிறதா என்று கவனிப்பதும் அவர்கள் வேலை. வழக்கமாகச் சில நாட்களில் டியூபைக் கழற்றி டிக்கெட் வெட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு மிஸ்ஸி யார்? மலைக்குப் போய்க் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற வீட்டு அம்மாதான்.

இந்த ஒப்பரேஷனைப் பெரும்பாலும் மூத்திரப் பாதை வழியாகவே கருவியை விட்டுச் செய்கிறார்கள். வயிற்றில் தையல் கிடையாது. அதனால், "ஆள் நல்லாத்தானே இருக்கார்" என்று கணக்கப்பிள்ளை நினைக்கிறார்; ஆளும் அப்படியே நினைக்கிறார். உள்ளே இருக்கும் புண் ஆற நான்கிலிருந்து ஆறு வாரம் செல்லும். பத்துப் பதினான்கு நாளில் பொருக்கு உதிரும்போது மறுபடி கொஞ்சம் இரத்தம் வரலாம். தண்ணீர் நன்றாகக் குடித்து ஓய்வெடுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். (இருதய, சிறுநீரக வருத்தக்காரர் எவ்வளவு குடிப்பது என்று டொக்டரிடம் கேட்க வேண்டும்.) அந்த நேரத்தில் உர மூட்டை தூக்கினாலோ, விறகு சுமந்தாலோ, மருந்து டாங்கியை முதுகில் மாட்டினாலோ கொஞ்சம் நிறையவாகிவிடும். மலம் கழிக்க முக்குவதும் கூடாது. கீரை, பப்பாளிப்பழம் கொடுங்கள்.

டியூபோடு அனுப்பியிருந்தால், பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது. தொடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். டியூப் கழற்றிய பின் சில வாரம் சிறுநீர் தானாகக் கசியலாம். துணி மாற்றிக் கொடுங்கள், கேலி பேசாதீர்கள். இருட்டில் வழுக்குப் படி இறங்கிக் கக்கூஸுக்குப் போக விடாமல், மூடி போட்ட வாளி ஒன்றை உள்ளே வையுங்கள்.

மூத்திரம் அடைத்துக்கொண்டாலோ, கட்டி கட்டியாக இரத்தம் வந்தாலோ, குளிர்க் காய்ச்சல் கண்டாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இனி நிர்வாகத்துக்கு. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டப்படி, தோட்டத்தில் யார் நோயாக இருக்கிறார் என்று அறிந்திருப்பது துரையின் கடமை. நூறு வருடம் தாண்டிய சட்டம்! தோட்ட வைத்திய உதவியாளர் லயத்துக்கே வந்து நோயாளியைப் பார்க்க வேண்டும் என்றும், ஆறு வாரம் முடியும்வரை பாரமான வேலை கொடுக்கக் கூடாது என்றும் கேட்கிறோம். பேர் விழாவிட்டால் அடுப்பு எரியாது என்ற பயத்தில்தான் இரண்டாம் வாரமே மனிதர் கவ்வாத்துக் கத்தியை எடுக்கிறார். வைத்தியச் சான்றிதழின் பிரதியைத் தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ கொடுங்கள். இலகு வேலை கேட்டுச் சங்கம் கடிதம் எழுதும்.