எடை மெஷினுக்குத் தெரியாத கொழுப்பு

உயரத்துக்கு ஏற்ற எடை இருந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு சின்னக் கட்டுரை இந்த நினைப்பைக் கலைத்துப் போட்டது. எழுதியவர்கள் இருவர்: புனே டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. ஆனால் டெக்ஸா என்ற எக்ஸ்ரே கருவியில் அளந்தபோது யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம்!

இது எப்படி? பி.எம்.ஐ. என்பது எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண், அவ்வளவுதான். அந்த எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. யுட்கின் மாரத்தான் ஓடுபவர் என்பதும் அதற்குத் தெரியாது.

ஒல்லியான கை கால், முன்னால் தள்ளிய தொப்பை. இந்தியர்கள் பலரின் உடல்வாகு இது. சர்க்கரை நோய் சத்தமில்லாமல் வருவதும் இவர்களுக்குத்தான். இவர்களைப் பார்த்து எடை மெஷின் "நார்மல்" என்கிறது.

அதற்காக எல்லோரும் டெக்ஸா எடுக்க வேண்டுமா? தேவையில்லை. தையல்காரரின் டேப் போதும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் உஷாராக வேண்டும். மூச்சுத் திறனுக்கு, 1968-ல் டாக்டர் கூப்பர் வெளியிட்ட சோதனை இருக்கிறது: 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓட முடிகிறது? ஒரு மைதானமும் கடிகாரமும் இருந்தால் போதும்.

உயரம், எடை மட்டும் குறித்துக்கொண்டு மாணவர்களை அனுப்பிவிடும் கல்லூரிகள், கூடவே ஒரு டேப்பும் வாங்கி வைக்கலாமே!