ரப்பர் டிரெஸ்ஸைப் பார்த்துச் சிரிக்கும் கனவான்களுக்கு...

போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல ஒரு சண்டை. வாய்ச்சண்டைதான். டீம்ல ஒருத்தன் மொபைல்ல 'பவர் ரேஞ்சர்ஸ் எஸ்.பி.டி.' வீடியோவை ஓடவிட்டு, "டேய், இதையாடா வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்த்தோம்?"னு விழுந்து விழுந்து சிரிச்சான். எதிர்ல இருந்தவனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "அதெல்லாம் தெய்வம்டா, இப்ப வர்றதெல்லாம் குப்பை"ன்னான். ரெண்டு பேர் தலையிலயும் ஆளுக்கொரு குட்டு வைக்கணும்னு தோணிச்சு. ஆபீஸ்ல முடியாது. அதான் இந்தப் பதிவு.

முதல்ல என் வாக்குமூலம். நானும் பார்த்தவன்தான் மக்களே. ஸ்கூல் விட்டு வந்ததும் யூனிஃபார்மைக் கூடக் கழட்டாம ஜெட்டிக்ஸ் முன்னாடி உட்கார்ந்த ஜாதி. நாய்த்தலை கமாண்டர் க்ரூகர் தமிழ்ல உறுமினா, அம்மா போட்ட காபி ஆறிப்போய் ஆடை கட்டிடும். அந்தக் கதை நடக்கிற வருஷம் 2025. அந்த வருஷமும் வந்துட்டுப் போயிடுச்சு. ரோபோவா எழுந்து நிக்கிற போலீஸ் ஸ்டேஷன் வரலை, டிராஃபிக்தான் வந்திருக்கு :-)

சரி, முதல் குட்டு சிரிக்கிறவனுக்கு.

இந்த சீரியல் எப்படி உருவாச்சுன்னு தெரிஞ்சா சிரிப்பு நின்னுடும். ஜப்பான்ல தோயே கம்பெனி 1975-லேயே கலர் கலரா டிரெஸ் போட்ட குழுவை வெச்சு சீரியல் எடுக்க ஆரம்பிச்சாச்சு. அந்த வரிசையில 1992-ல வந்தது 'ஸியூரேஞ்சர்'. அதோட சண்டைக் காட்சிகளை ஹைம் சபான் வாங்கினார். முகம் தெரியிற காட்சிகளை மட்டும் அமெரிக்காவுல புதுசா எடுத்து ஒட்டினார். 1993-ல 'மைட்டி மார்ஃபின் பவர் ரேஞ்சர்ஸ்' ரெடி. நம்ம பாஷையில சொன்னா, வேற யாரோ எழுதின பழைய கோடை ஒரு வரிகூடத் தொடாம, மேல ஒரு ரேப்பர் எழுதி ரிலீஸ் பண்ணியிருக்காங்க. இதை நாம தினமும் பண்றோம். அதுக்கு அப்ரைசல்ல ஸ்டார் வேற வாங்கறோம்.

பக் இல்லாமலா இருக்கும்? ஜப்பான்ல மஞ்சள் வீரர் ஒரு ஆண். அமெரிக்காவுல அது ட்ரினிங்கிற பொண்ணு. அதனாலதான் பிங்க் ரேஞ்சர் டிரெஸ்ல குட்டைப் பாவாடை இருக்கும், மஞ்சள்ல இருக்காது. இரண்டாவது சீசன்ல டாமி போட்டுக்கிட்ட வெள்ளை டிரெஸ் அடுத்த வருஷ ஜப்பான் சீரியலான 'டைரேஞ்சர்'ல இருந்து வந்தது. அங்கே அந்த வீரன் ஒரு சின்னப் பையன்!

நம்ம எஸ்.பி.டி. 2005-ல வந்தது. அதுக்கு மூலம் 2004-ல வந்த 'டெகாரேஞ்சர்'. வில்லனைப் பிடிச்சதும் குற்றவாளியா இல்லையான்னு மெஷின் தீர்ப்பு சொல்லும், ஞாபகம் இருக்கா? ஜப்பான்ல தீர்ப்பு வந்தா மரண தண்டனை. அமெரிக்காவுல அதே சண்டை முடிஞ்சதும் வில்லனை ஒரு கார்டுக்குள்ள அடைச்சு ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்க. ஒரே காட்சி, அர்த்தம் வேற. இதைச் செஞ்சவனை மொக்கைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

அப்புறம் அந்த 'ஓவர் ஆக்டிங்'. பேசும்போது ஏன் தலையைத் தலையை ஆட்டறாங்க, கையை வீசறாங்கன்னு கேக்கறீங்களே... ஹெல்மெட் போட்டவனுக்கு முகம் இல்லை சார். கண்ணும் தெரியாது, வாயும் அசையாது. அஞ்சு பேர் நிக்கிறப்ப பேசறது யார்னு எட்டு வயசுப் பையனுக்குப் புரியணும்னா உடம்புதான் பேசணும். சின்ன இடுக்கு வழியா பாதையைப் பார்த்துக்கிட்டு அந்த மனுஷன் குட்டிக்கரணம் அடிச்சிருக்கான். பின்னாடி வெடிச்சது கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் இல்லை, நிஜ வெடி. இதுக்குன்னே ஆள் தயார் பண்ணிக் கொடுத்த இடம் சோனி சிபா 1970-ல ஆரம்பிச்ச ஜப்பான் ஆக்‌ஷன் கிளப்.

கதை மொக்கை, வசனம் அதைவிட மொக்கை. அதை ஒத்துக்கறேன். ஆனா நீங்க சிரிக்கிறது கதையைப் பார்த்து இல்லையே. உயிரைப் பணயம் வெச்சு வேலை செஞ்சவனைப் பார்த்துத்தானே?

அடுத்த குட்டு, கண்ணு கலங்கினவனுக்கு.

பொற்காலம்னு உருகறீங்களே, யாருக்குப் பொற்காலம்? 1994-ல இரண்டாவது சீசன் ஓடிக்கிட்டிருக்கும்போது சிவப்பு, கருப்பு, மஞ்சள் ரேஞ்சர்களா நடிச்ச ஆஸ்டின் செயின்ட் ஜான், வால்டர் ஜோன்ஸ், துய் ட்ராங் மூணு பேரும் சம்பளப் பிரச்சினையில வெளியேறினாங்க. உலகமே பார்த்த சீரியல். சீரியல் நின்னுச்சா? நிக்கலை. பழைய காட்சியை ஒட்டினாங்க, முதுகை மட்டும் காட்டற ஆளை நிறுத்தினாங்க, வேற குரலைப் போட்டாங்க. கதையில மூணு பேரையும் அமைதி மாநாட்டுக்குன்னு ஸ்விட்சர்லாந்துக்கு அனுப்பிட்டாங்க. அதே டிரெஸ்ஸுக்குள்ள புதுசா மூணு பேர் வந்தாங்க. சண்டை போடறவனுக்குத்தான் முகமே இல்லையே, யார் போனா என்ன?

இதைப் படிச்சப்ப எனக்கு என் முதல் கம்பெனி ஞாபகம் வந்தது. பில்லிங் மாட்யூல் முழுக்க ஒரு அண்ணன் எழுதினது. சம்பளம் கேட்டார், கிடைக்கலை, போயிட்டார். திங்கட்கிழமை அதே சீட்ல வேற ஆள். கிளையன்ட்டுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. அவர் எழுதினதுக்கு மேல ரேப்பர் எழுதிப் பாராட்டு வாங்கினது யார்னு நினைக்கறீங்க? அடியேன்தான். கைதட்டல் வாங்கின அன்னிக்கு அவர் பேரை நான் சொல்லலை. இன்னிக்கு வரைக்கும் உறுத்துது. நமக்கும் 'ரிசோர்ஸ்'னுதானே பேரு? டிரெஸ்தான் ஹீரோ, உள்ளே இருக்கிறவன் உதிரிபாகம்.

"முகமூடிக்குள்ள யார்னு தெரியாததுதானே அழகு?"ன்னு கேப்பீங்க. எட்டு வயசுல அழகுதான். இருபத்தெட்டு வயசுலயும் யார்னு கேக்காம இருந்தா அதுக்குப் பேரு அழகு இல்லை, அலட்சியம். க்ரூகருக்குத் தமிழ்ல உறுமின தொண்டை யாரோடதுன்னு நம்மில் எத்தனை பேர் ஒரு தடவையாவது தேடியிருக்கோம்? நம்ம குழந்தைப் பருவத்தையே அந்தக் குரல்தானே தூக்கிச் சுமந்தது?

அதனால நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. கிண்டல் பண்ணுங்க, உருகுங்க, உங்க இஷ்டம். ஆனா அதுக்கு முன்னாடி ஒரே ஒரு பேரைத் தேடிக் கண்டுபிடிச்சு எழுதுங்க. நான் ஆரம்பிச்சு வைக்கிறேன்: கோய்ச்சி சகமோட்டோ. டோக்கியோக்காரர். அமெரிக்கா போய் ஸ்டண்ட் வேலையில சேர்ந்து, இதே பவர் ரேஞ்சர்ஸுக்கு டைரக்டர் ஆனார். 2009-ல வந்த ஆர்.பி.எம். வரைக்கும் இருந்துட்டு, ஜப்பானுக்கே திரும்பிப் போய் 'காமென் ரைடர்' எடுத்தார்.

அடுத்த பேர் உங்களோடது. பின்னூட்டத்துல போடுங்க. கும்மறவங்களும் ஒரு பேர் எழுதிட்டுக் கும்முங்க.

டிஸ்கி: எனக்குப் பிடிச்சது பச்சை ரேஞ்சர் பிரிட்ஜ். உலகமே அழிஞ்சாலும் வெண்ணெய் தடவின டோஸ்ட் கேக்கற ஆள். அதைப் பத்தி மட்டும் யாராவது சிரிச்சீங்க... அவ்வளவுதான்!