மாடியில் விருந்து, தெருவில் ஆக்கிரமிப்பு!

சில மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடையாறில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடிக்கு டிபன் சாப்பிடப் போயிருந்தேன். நண்பரின் மகன் பத்து வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு ஊர் திரும்பியிருக்கிறார். அங்கே வீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தது போலவே இங்கேயும் ஒரு அடுப்பு வாங்கி மாடியில் வைத்திருக்கிறார். மூன்றடி நீளத்துக்குத் தட்டையான இரும்புக் கல். அடியில் வரிசையாக பர்னர்கள். மொத்த டிபனையும் ஒரே கல்லில், திறந்தவெளியில், விருந்தாளிகளின் கண்ணெதிரிலேயே செய்து போடலாம்.

செய்தும் போட்டார். நடுவில் தோசை. பக்கத்தில் ஆம்லெட். ஒரு ஓரத்தில் வெங்காயமும் தக்காளியும் மெதுவாக வதங்கின. இன்னொரு ஓரத்தில் வெண்ணெய் தடவிய ரொட்டி. குழந்தைகளுக்குப் பான்கேக். "அங்கிள், நடுவுல சூடு ஜாஸ்தி, ஓரத்துல கம்மி. எதை எங்க போடணும்னு தெரிஞ்சா போதும். பத்து பேருக்கு ஒரே நேரத்துல சுடச்சுட குடுத்துடலாம்" என்று பாடம் நடத்தினார். பொய் சொல்வானேன், பிரமாதமாக இருந்தது. மூன்று தோசை சாப்பிட்டேன்.

நாலாவதுக்குத் தட்டை நீட்டியபோது, கூடவே ஒரு காகிதமும் வந்தது. குடியிருப்போர் சங்கத்தின் மனு. தெருமுனையில் இருக்கும் டிபன் வண்டியை உடனே அகற்ற வேண்டும் என்று அதிகாரிகளுக்கு வேண்டுகோள். காரணங்கள் மூன்று. ஒன்று, சுகாதாரம் இல்லை. இரண்டு, நடைபாதையில் நடக்க இடமில்லை. மூன்று, 'வெளியாட்கள்' கூடுகிறார்கள்.

மாடியில் பத்து பேர் கல்லைச் சுற்றி நின்றுகொண்டு, தெருவில் பத்து பேர் கல்லைச் சுற்றி நிற்பதை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். நானும் அந்தக் குடியிருப்புக்கு வெளியாள்தான். எனக்கு மட்டும் தோசை கிடைத்தது!

நான் கையெழுத்து போடவில்லை. ஆனால், அன்றைக்கு வாயைத் திறந்து எதுவும் சொல்லவும் இல்லை. சாப்பிட்ட வீட்டில் சண்டை போட வேண்டாம் என்ற மரியாதைதான். அந்த மௌனத்துக்குப் பரிகாரமாகத்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

அந்த வண்டி எனக்குப் பழக்கம். காலை ஆறு மணிக்கு அடுப்பு பற்றவைப்பார் அந்த அக்கா. பத்தரைக்குக் கடை முடிந்துவிடும். கல் தோசை, வெங்காய ஊத்தப்பம், பொடி போட்டுப் புரட்டிய இட்லி, ஆம்லெட், ஆஃப்பாயில். எல்லாம் ஒரே கல். மாடியில் எனக்கு நடந்த பாடத்தை அவர் யாரிடமும் படிக்கவில்லை. ஊத்தப்பத்தை நடுவில் ஊற்றி, வெந்ததும் ஓரத்துக்குத் தள்ளி, காலியான நடுவில் முட்டையை உடைப்பார். தண்ணீரைத் தெளித்து, சின்னத் துடைப்பத்தால் ஒரு இழுப்பு. கல் அதிகம் காய்ந்திருந்தால் மாவு பரவாது, கரண்டியோடு சுருண்டுகொண்டு வரும். தண்ணீர் அந்தச் சூட்டை மட்டுப்படுத்துகிறது.

அங்கே நிற்பவர்கள் யார்? இரவு முழுக்க உங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த செக்யூரிட்டி. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகிற அம்மா. உங்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு விடும் ஆட்டோக்காரர். உங்களுக்குப் பார்சல் கொண்டு வருகிற பையன். பி.ஜி. ஹாஸ்டலில் இருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர்கள். இவர்கள்தான் மனுவில் சொன்ன 'வெளியாட்கள்'. இவர்களில் பாதிப் பேர் ஒரு நாள் வராவிட்டால் அந்தக் குடியிருப்பே ஸ்தம்பித்துவிடும்.

மனு போய்ச் சேர்ந்ததா, வேறு காரணமா, எனக்குத் தெரியாது. இரண்டு வாரம் கழித்து ஒரு காலை லாரி வந்தது. வண்டி, அடுப்பு, பாத்திரம், கல் எல்லாம் ஏற்றப்பட்டன. அலைந்து திரிந்து, பணம் கட்டி, ஆறாம் நாள் வண்டியை மீட்டு வந்தார். கல் அதில் இல்லை.

புதுக் கல்லில் அவர் போட்ட தோசை கிழிந்து கிழிந்து வந்தது. முதல் நாலைந்தைக் குப்பையில் போட்டார். "வண்டி போனாகூட வாடகைக்கு எடுத்துக்கலாம் சார். கல்லு பதினோரு வருசம் பழகினது. அதை யார் சார் திருப்பித் தருவாங்க?" என்றார்.

சமையல் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் புரியும். புது இரும்புக் கல்லைக் கழுநீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, அரிந்த வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்துப் பழக்குகிறோம். ஒவ்வொரு முறையும் எண்ணெய் சூட்டில் இறுகி, இரும்பின் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. அது ஏறத்தான் மாவு ஒட்டாமல் வரும். நாளுக்கு நூறு தோசை சுட்ட கல்லில் படிந்திருப்பது பதினோரு வருட உழைப்பு. அதைப் பழைய இரும்பு என்று நினைத்து எவரோ எங்கோ தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

சரி, மனுவில் சொன்ன காரணங்களுக்கு வருவோம்.

முதலில் சுகாதாரம். நியாயமான கவலை. ஆனால், எங்கே கவலைப்பட வேண்டுமோ அங்கே படுங்கள். புகை பறக்கும் கல்லில் உங்கள் கண்ணெதிரே வெந்து நேராகத் தட்டுக்கு வருகிற தோசை, ஊரிலேயே ஆபத்து குறைந்த சாப்பாடுகளில் ஒன்று. ஆபத்து இருப்பது சட்னிக்கு விடும் தண்ணீரிலும் தட்டு கழுவும் பக்கெட்டிலும். இந்த இரண்டும் கெட்டுப்போக என்ன காரணம்? பக்கத்தில் ஒரு குழாய் கிடையாது. ஒரு குழாயும் ஒரு குப்பைத் தொட்டியும் வைத்துக் கொடுத்தால் பாதிப் பிரச்னை அன்றைக்கே தீர்ந்தது. குழாய் கேட்டு ஒரு மனு போட்டிருக்கலாமே? பெரிய ஹோட்டல்களின் சமையலறைக்குள் நீங்கள் எட்டிப் பார்த்ததுண்டா? 'உள்ளே வரக் கூடாது' என்று கதவில் எழுதியிருக்கும். இங்கே சமையலறைக்கும் சாப்பிடுகிறவருக்கும் நடுவே ஒன்றரை அடிதான் தூரம்.

இரண்டாவது, நடைபாதை. இதில் எனக்கும் கோபம் உண்டு. தினமும் நடக்கிறவன் நான். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று. வரவேற்கிறேன். ஆனால், அதே உச்ச நீதிமன்றம்தான் 1985-ல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பிழைப்பதற்கான வழியும் அதே 21-வது பிரிவில் அடங்கும் என்றது. 1989-ல் சோதன் சிங் வழக்கில், தெருவில் வியாபாரம் செய்வது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட அடிப்படை உரிமை என்றது. நடக்கிறவருக்கும் உரிமை, விற்கிறவருக்கும் உரிமை. ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க முடியாது. இரண்டுக்கும் இடம் பிரித்துக் கொடுப்பதுதான் நிர்வாகத்தின் வேலை.

அந்தத் தெருவில் முனையிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நடைபாதையில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். உறை போட்ட கார் இரண்டு. ஒரு ஹோட்டலின் ஜெனரேட்டர். ஒரு கடையின் மூன்று படிக்கட்டு. வரிசையாக பைக்குகள். கட்சி பேனர் கட்டிய சவுக்குக் கம்புகள். அப்புறம், மனு போட்ட அதே குடியிருப்பின் கார் ஏறி இறங்கும் சிமெண்ட் சரிவு, அதை ஒட்டிக் கம்பி வேலி போட்ட செம்பருத்தித் தோட்டம். இத்தனைக்கும் நடுவே நாலடிக்கு ஆறடி வண்டி ஒன்று, காலையில் நாலரை மணி நேரம். லாரி வந்த அன்று போனது அது மட்டும்தான். செம்பருத்தி இன்னும் பூத்துக்கொண்டிருக்கிறது.

"ஏழைகளுக்கு அம்மா உணவகம் இருக்கிறதே" என்றார் ஒரு மாமா. இருக்கிறது. 2013 பிப்ரவரியில் ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம் என்று ஆரம்பித்த அந்தத் திட்டத்தை நான் மனதார ஆதரிக்கிறேன். ஆனால், ஏழை என்றால் இட்லியோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா? முறுகலாக ஒரு வெங்காய ஊத்தப்பம் சாப்பிட ஆசைப்படக் கூடாதா? தவிர, அந்த அக்கா யாரிடமும் இலவசம் கேட்கவில்லை. வேலை கேட்கவில்லை. தன் வேலையைத் தானே உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா? பேஷாக இருக்கிறது. தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம், 2014. முதலில் கணக்கெடுப்பு நடத்து, அது முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தாதே என்கிறது. அகற்றுவதென்றால் 30 நாள் நோட்டீஸ் கொடு என்கிறது. பொருளை எடுத்தால் பட்டியல் கொடு. கெட்டுப்போகாத பொருளைக் கேட்ட இரண்டு வேலை நாளிலும், கெட்டுப்போகும் பொருளை அன்றைக்கே திருப்பிக் கொடு என்கிறது. எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்று முடிவு செய்யும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவிகிதம் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது. அக்காவுக்கு நோட்டீஸ் வரவில்லை. பட்டியலும் வரவில்லை. பட்டியல் இருந்திருந்தால் அதில் 'தோசைக் கல் - 1' என்று ஒரு வரி இருந்திருக்கும்.

இன்னொரு வேடிக்கை. இதே வியாபாரிகளுக்காக 2020-ல் மத்திய அரசு கடன் திட்டம் கொண்டுவந்தது. முதல் தவணைக் கடன் பத்தாயிரம். 2025-ல் அதைப் பதினைந்தாயிரம் ஆக்கினார்கள். ஒரு கை கடன் கொடுத்து வியாபாரம் செய் என்கிறது, இன்னொரு கை வண்டியைத் தூக்கி லாரியில் வைக்கிறது.

இடம் மாற்றிக் கொடுத்தால் போயிற்று என்பார்கள். தி.நகர் பாண்டி பஜாரில் 2013-ல் அதைத்தான் செய்தார்கள். நடைபாதைக் கடைகளை ஒரு மாடிக் கட்டடத்துக்குள் அனுப்பினார்கள். 2019 நவம்பரில் அந்தச் சாலை அகலமான நடைபாதையோடு நடைபாதை வளாகமாகத் திறக்கப்பட்டது. நடக்க சுகமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால், தெருவில் நடந்து போகிறவரின் கண்ணில் படுவதுதான் தெருக்கடையின் முதலீடே. துணிக்கடைக்காவது மாடி ஏறலாம். வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் ஒரு தோசைக்காக யாராவது மாடிப்படி ஏறுவார்களா? அவ்வளவு அகலமான நடைபாதை போடத் தெரிந்த நகரத்துக்கு, அதன் ஓரத்தில் நாலடிக்கு ஆறடி கோடு போட்டு, ஒரு குழாயும் வைத்து, 'காலை 6 முதல் 10.30 வரை' என்று போர்டு எழுதத் தெரியாதா?

வண்டிக்காரர்களும் செய்ய வேண்டியது உண்டு. வீட்டு உபயோக சிலிண்டரைக் கடைக்கு வைப்பது சட்டவிரோதம், ஆபத்தும்கூட. தட்டில் பிளாஸ்டிக் தாள் வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்கெல்லாம் தடை. வாழை இலைத் துண்டு போதும். உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். கழிவு நீரைத் தெருவில் கொட்டக் கூடாது. இத்தனையையும் வற்புறுத்துங்கள். நானும் கூட வருகிறேன். ஒழுங்குபடுத்து என்று சொல்வது வேறு, ஒழித்துக்கட்டு என்று சொல்வது வேறு.

மயிலாப்பூரில் ஏதாவது ஒரு பணக்காரக் கல்யாணத்துக்குப் போய்ப் பாருங்கள். மண்டபத்தில் 'லைவ் கவுண்ட்டர்' இருக்கும். ஒரு வண்டியை வைத்து, சக்கரத்துக்குச் சாமந்தி மாலை போட்டு, கல்லை ஏற்றி, தலையில் முண்டாசு கட்டிய ஒருவர் தோசை வார்ப்பார். பட்டுப்புடவைகள் கியூவில் நிற்கும். நட்சத்திர ஹோட்டல்களில் 'தெரு உணவுத் திருவிழா' நடக்கிறது. தெருவில் கிடைக்கும் தோசையைவிடப் பல மடங்கு விலை. நமக்குத் தெருச் சாப்பாடு வேண்டும். தெருவும் தெருவில் நிற்கிறவரும்தான் வேண்டாம்.

அன்று மாடியில் என்னோடு சாப்பிட்டவர்களில் சிலர் இந்தப் பத்தியைப் படிப்பீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஒரு வேண்டுகோள்தான். அடுத்த சங்கக் கூட்டத்தில் இன்னொரு மனு எழுதுங்கள். எங்கள் தெருமுனையில் ஒரு குழாய், ஒரு குப்பைத் தொட்டி, கோடு போட்ட ஒரு இடம், அந்த அக்காவுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும் என்று கேளுங்கள். முதல் கையெழுத்து என்னுடையது. கூடவே அந்தச் செம்பருத்தி வேலியையும் உள்ளே தள்ளிக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரி வண்டிகளுக்குச் சென்னைக்காரர்கள் வைத்த பெயர் 'கையேந்தி பவன்'. கிண்டலாக வைத்த பெயர்தான். ஆனால், யோசித்துப் பாருங்கள், அங்கே கையில் தட்டை ஏந்தி நிற்பது நாம். அந்த அக்கா யாரிடமும் கையேந்தவில்லை. அந்த நிலைக்கு அவரைக் கொண்டுபோய் நிறுத்திவிடாதீர்கள்.