வயலுக்குள் கிடக்கும் பட்டினம்

பூம்புகாருக்கு வரும் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் நேராகப் போய் நிற்பது சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில்தான். 1973இல் எழுந்த ஏழுநிலை மாடம். உள்ளே கண்ணகி கதை முழுவதும் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் சிற்பம் சிற்பமாகப் பார்த்துக்கொண்டே நகர்வார்கள். பிறகு கடற்கரை, சுண்டல், ஊருக்குத் திரும்பல். 1997 முதல் இதே ஊரில் மாநிலத் தொல்லியல் துறையின் ஆழ்கடல் அகழ்வைப்பகம் இருக்கிறது என்பது ஆசிரியர்களிலேயே பலருக்குத் தெரிவதில்லை.

எனக்கு அந்தச் சின்ன அருங்காட்சியகத்தின் மேல்தான் பிரியம். கலைக்கூடத்துச் சிற்பங்கள் அழகு, மறுக்கவில்லை. ஆனால் அவை நம் காலத்துச் சிற்பிகள் காப்பியத்தைப் படித்துச் செதுக்கியவை. இங்கே இருக்கும் பானை ஓடும் செங்கல்லும் இந்த மண்ணில் வாழ்ந்தவர்களின் கை பட்டவை. இந்த வேறுபாட்டை ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு விளக்கிச் சொன்னால் அதற்கு வரலாறு பிடிபட்டுவிடும்.

பூம்புகார் என்றதும் எல்லோர் கண்ணும் கடலைத்தான் பார்க்கிறது. கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் இங்கே பல ஆண்டுகள் முக்குளித்துத் தேடினார்கள். 1991இல் கடலடியில் மூழ்கிய கப்பல் ஒன்று அகப்பட்டது. அதிலிருந்த ஈயக்கட்டிகளில் ‘பிளாக்கெட்’ என்ற ஆங்கிலப் பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறித்திருந்தன. சோழர் காலத்தைத் தேடியவர்களுக்குக் கும்பினியார் காலத்து ஈயம் கிடைத்தது. அதுவும் வரலாறுதான். 23 மீட்டர் ஆழத்தில் குதிரைலாடம் போன்ற ஒரு வடிவமும் தென்பட்டது. கிரஹாம் ஹான்காக் என்ற ஆங்கில எழுத்தாளர் 2001இல் அங்கே இறங்கிப் பார்த்துவிட்டு, அது பதினோராயிரம் ஆண்டுப் பழமையானதாக இருக்கலாம் என்று எழுதினார். நம்மவர்கள் பலர் அதையே முடிந்த முடிவாகப் பேசுகிறார்கள். சான்று இல்லாத பெருமை பூம்புகாருக்குத் தேவையே இல்லை.

ஏனென்றால் சான்றுள்ள பெருமை கரையிலேயே கிடக்கிறது. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை கீழையூரில் தோண்டியபோது, செங்கல்லால் கட்டிய ஒரு படகுத்துறை வெளிப்பட்டது. படகைப் பிணைக்க நட்ட மரக்கம்பங்களின் அடிப்பகுதி அப்படியே மண்ணுக்குள் இருந்தது. மரத்தைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பிப் பார்த்ததில் பொதுக்காலத்துக்கு முன் 3ஆம் நூற்றாண்டையொட்டிய காலம் என்று வந்தது. ஏதோ ஒரு படகோட்டி கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்ட கம்பம்! மாடமாளிகைகளைப் பாட்டு சொல்லிவிடும். இந்தக் கம்பத்தை மண்தான் காட்ட முடியும். இன்று கீழையூரில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆறு தடம் மாறி, வண்டல் மூடி, துறை இருந்த இடம் ஊராகிவிட்டது.

வானகிரியில் நீர்த்தேக்கம், பல்லவனேச்சரத்தில் பௌத்த விகாரை, புத்தர் பாதம் என்று அடுத்தடுத்துக் கிடைத்தன. மேலையூரில் கிடைத்த பொன்முலாம் பூசிய மைத்ரேயர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். இவ்வளவும் சில இடங்களில் மட்டும் தோண்டிப் பெற்றவை. மீதிப் பட்டினம் நெல்வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் கீழே இருக்கிறது.

கடலாய்வு நடக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கப்பலும் முக்குளிப்பவரும் இல்லாமல் செய்யக்கூடிய வேலை இந்த வயல்களில் காத்திருக்கிறது. சம்பா அறுத்து, உளுந்தும் பயறும் எடுத்தபின், குறுவைக்குத் தண்ணீர் வரும்வரை நிலம் சும்மாதான் கிடக்கும். சித்திரையும் வைகாசியும் போதும். உழவருக்கு உரிய இழப்பீட்டைக் கொடுத்துக் குழி போடலாம். கிடைப்பதைச் சென்னைக்கு ஏற்றிவிடாமல் இந்த ஊர் அருங்காட்சியகத்திலேயே வைக்கலாம். பள்ளிப் பேருந்துகளையும் கலைக்கூடத்தோடு திருப்பி அனுப்பாமல் கீழையூர்வரை ஓட்டிப் போகலாம்.