நீர்த்தீர்வை உயர்வு: கடைமடைப் பாசனதாரர்களின் நிலைப்பாடு

இந்திரா காந்தி கால்வாயின் பராமரிப்புச் செலவைப் பாசனதாரர்களின் நீர்த்தீர்வையை உயர்த்தி ஈடுசெய்ய வேண்டும் என்னும் யோசனை மீது எமது செயற்குழு நெடுநேரம் விவாதித்து எய்திய முடிவை இங்கே வெளியிடுகிறோம். கால்வாய்ப் பணி தொடங்கிய 1958 முதற்கொண்ட சரித்திரம் அங்கத்தினர் அனைவரும் அறிந்ததே.

பஞ்சாபின் ஹரிகேயிலிருந்து ராஜஸ்தானின் ஜைசல்மேர்ப் பாலைவனம் வரை 649 கிலோமீட்டர் ஓடிவரும் கால்வாயில் காற்று மணலைக் கொட்டுவதையும், நீரேற்று நிலையங்களுக்கு மின்சாரச் செலவு ஆவதையும் நாங்கள் மறுக்கவில்லை. ஆதலால் மிதமான உயர்வு, தக்க நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கொள்கையளவில் பரிசீலிக்கத் தக்கதே என்பது பெரும்பான்மையோர் கருத்து.

ஆனால் எதற்காகப் பணம் கேட்கிறார்கள்? வாராபந்தி முறையில் அவரவர் நிலப்பரப்புக்கு ஏற்ப முறைநேரம் வகுக்கப்பட்டிருக்கிறதேயன்றி, அந்நேரத்தில் வந்து சேர வேண்டிய ஜலத்தின் அளவுக்கு எவரும் பொறுப்பேற்கவில்லை. தலைமடையில் ஒரு மணி நேரம் என்றால் வாய்க்கால் நிறைந்த ஓட்டம். எங்களுக்கோ, நள்ளிரவில் மண்வெட்டியோடு காத்திருந்தும், அதே ஒரு மணி நேரம் வறண்ட மணலாகக் கழிகிறது. கழிந்த முறை திரும்ப வருவதில்லை. பயிரையும் பரப்பையும் பார்த்துத் தீர்வை விதிக்கும் கணக்கில், வேண்டியபோதெல்லாம் நீர் குடித்த பயிருக்கும் ஒருமுறை நனைந்து பின் கருகிய பயிருக்கும் பேதமே இல்லை. மேலே ஹனுமான்கட் பக்கத்தில் மிகைப்பாசனத்தாலும் கசிவாலும் நிலங்கள் நீர்தேங்கிப் பாழாகியிருக்க, கீழே நாங்கள் தாகத்தால் பாழாகிறோம். இவ்விரு நாசத்துக்கும் ஒரே விகிதத்தில் தீர்வையா? இதை அநியாயம் என்பதன்றி வேறெவ்வாறு சொல்வது?

இக்கால்வாய் நீரில் குடிநீருக்கே முதலுரிமை என்பதை ஏற்கிறோம். அதன் செலவை நகரங்கள் ஏற்கட்டும்.

எங்கள் நிபந்தனைகள் இவை: ஒவ்வொரு மதகிலும், கடைமடை மதகுகள் தொடங்கி, அளவுகருவி பொருத்தப்பட வேண்டும். அளவுகள் கிராமத்தில் பகிரங்கமாக எழுதி வைக்கப்பட வேண்டும். வராத நீருக்குத் தீர்வை கூடாது. 2004-இல் இக்கால்வாய்ப் பகுதியிலுள்ள கர்சானாவில் பாசனத் தண்ணீர் கேட்டுப் போராடிய விவசாயிகளுக்குப் போலீஸ் துப்பாக்கிக் குண்டு பதிலாகக் கிடைத்ததை நாங்கள் மறக்கவுமில்லை, மறக்கப்போவதுமில்லை.

அளவீடு நடைமுறைக்கு வரும்வரை, பழைய விகிதத்தை மட்டுமே செலுத்துமாறு அங்கத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம். பேச்சுவார்த்தைக்கு எமது பிரதிநிதிகள் எந்நாளும் சித்தமாயிருக்கிறார்கள்.