ஆழத்து நீர் குடிப்பதற்கு மட்டுமே

ஒரு கிணற்று நீர் நல்ல நீரா என்று எப்படி முடிவு செய்வது? நிறம், மணம், சுவை பார்ப்போம் என்று சில மாணவர்கள் சொல்வார்கள். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதிப்போம் என்று இன்னும் சிலர் சொல்வார்கள். இரண்டாவது விடை முதலாவதைவிடச் சரியானது. ஆனாலும் அது முழு விடை ஆகாது. நிலத்தடி நீர் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். இன்று அது சுத்தமாக இருக்கிறதா என்று கேட்கும்போதே, நாளை அந்த இடத்துக்கு எந்த நீர் வந்து சேரும் என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதை வங்காளதேசத்தின் கதை காட்டுகிறது.

1970களில் அங்கே குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்த குழந்தைகள் காலராவாலும் வயிற்றுப்போக்காலும் இறந்தார்கள். அதைத் தடுக்க அரசும் யுனிசெஃப் அமைப்பும் கிராமங்களில் குழாய்க் கிணறுகள் அமைத்தன. பிறகு மக்களே சொந்தச் செலவில் லட்சக்கணக்கான கிணறுகளைப் போட்டுக்கொண்டார்கள். கைப்பம்பை அடித்தால் தெளிந்த நீர் வந்தது. அதில் நோய்க்கிருமிகளும் குறைவு. ஆனால் 1993இல் அந்த நீரில் ஆர்சனிக் இருப்பது கண்டறியப்பட்டது. ஆர்சனிக் கலந்த நீருக்குத் தனி நிறமோ மணமோ சுவையோ கிடையாது. பல ஆண்டுகள் குடித்தால் தோலில் கரும்புள்ளிகளும் தடிப்பும் தோன்றும். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வரவும் கூடும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. 1992இலேயே பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் அந்நாட்டுக் கிணறுகள் சிலவற்றின் நீரைச் சோதித்திருந்தது. பல தனிமங்களைச் சோதித்த அந்தப் பட்டியலில் ஆர்சனிக் இல்லை. பின்னர் பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் பிரிட்டனில் வழக்குப் போடப்பட்டது. அந்த நிறுவனத்துக்கு இதில் சட்டப்படியான கடமை இருக்கவில்லை என்று 2006இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. சட்டம் அப்படிச் சொல்லலாம். அறிவியல் படிக்கும் நாம் வேறு ஒன்றைக் குறித்துக்கொள்வோம்: எந்தப் பொருளைச் சோதிக்கவில்லையோ, அதைப் பற்றி அறிக்கை நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை.

1998, 1999ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் விரிவான ஆய்வு நடந்தது. ஒரு லிட்டர் நீரில் 10 மைக்ரோகிராம் ஆர்சனிக் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. வங்காளதேசத்தின் சொந்த வரம்பு 50 மைக்ரோகிராம். 150 மீட்டருக்கும் குறைவான ஆழமுள்ள கிணறுகளில் 27 விழுக்காடு இந்த 50ஐயும் தாண்டியிருந்தன. அதைவிட ஆழமான கிணறுகளில் தாண்டியவை சுமார் 1 விழுக்காடு மட்டுமே.

ஏன் இந்த வேறுபாடு? இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்து வந்த மணலில் இரும்பு ஆக்சைடு படிந்திருக்கும். அதில் ஆர்சனிக் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலடுக்குகளில் உள்ள இளம் வண்டலில் மக்கிய தாவரப் பொருள்கள் அதிகம், ஆக்சிஜன் குறைவு. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் இரும்பு ஆக்சைடைக் கரைக்கின்றன. அதோடு ஆர்சனிக்கும் நீரில் கலக்கிறது. ஆழத்தில் உள்ள பழைய மணலில் இந்த வேலை அவ்வளவாக நடப்பதில்லை. அதனால் அங்குள்ள நீர்த்தாங்கி, அதாவது நீரைத் தேக்கி வைத்திருக்கும் மணல் அடுக்கு, பெரும்பாலும் நல்ல நீரைத் தருகிறது.

அப்படியானால் ஆழமாகத் தோண்டி எல்லாத் தேவைக்கும் இறைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். இங்கேதான் நீரோட்டத்தைப் பார்க்க வேண்டும். ஆழத்தில் இருப்பது பெரும்பாலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை. அது மிக மெதுவாக நகர்கிறது. பெரிய பம்புகள் வைத்து இறைத்தால் கீழே அழுத்தம் குறையும்.  மேலே உள்ள ஆர்சனிக் நீர் கீழே இறங்கத் தொடங்கும்.

ஹாலி மைக்கேல், கிளிஃபர்ட் வாஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வங்கப் படுகை முழுவதையும் கணினி மாதிரியாக அமைத்து 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆழத்து நீரை வீட்டுத் தேவைக்கு மட்டும் எடுத்தால், ஆர்சனிக் பாதித்த பகுதியில் 90 விழுக்காட்டுக்கும் மேல் சுமார் 1,000 ஆண்டுகளுக்குப் பாதுகாப்பான நீர் கிடைக்கக்கூடும் என்பது அவர்கள் கண்டது. பாசனத்துக்கும் ஆழத்திலிருந்தே இறைத்தால் இந்தப் பாதுகாப்பு நிலைக்காது.

வியட்நாமில் ஹனோய் நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் செய்த ஆய்வு இதற்குக் களச் சான்று தருகிறது. நகரின் பம்புகள் இழுத்ததால் 40 முதல் 60 ஆண்டுகளில் நிலத்தடி நீர் 2 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருந்தது. ஆர்சனிக்கோ சுமார் 120 மீட்டர்தான் நகர்ந்திருந்தது. பழைய மணல் அதைப் பிடித்து வைத்துத் தாமதப்படுத்தியிருக்கிறது என்று 2013இல் வெளியான அந்த ஆய்வு விளக்கியது. இது ஆறுதலான செய்திதான். ஆனாலும் தாமதம் என்றால் வராது என்று பொருளில்லை. கிடைத்த அவகாசத்தை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

ஆகவே ஆழத்து நீரைக் குடிநீருக்கென்று ஒதுக்க வேண்டும், பாசனத்துக்கு விடக்கூடாது என்பதே என் கருத்து. ஒருவர் ஒரு நாளைக்குக் குடிப்பது சில லிட்டர். ஒரு கிலோ நெல் விளையவே ஆயிரக்கணக்கான லிட்டர் தேவை. குடிப்பதால் தீராத நீர்த்தாங்கி, வயலுக்குப் பாய்ச்சினால் தாங்காது.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு இருக்கிறது. மேலடுக்கு நீரைப் பாய்ச்சினால் ஆர்சனிக் வயல் மண்ணில் சேர்ந்து அரிசியிலும் ஏறும் அல்லவா? உண்மை, ஏறும். விவசாயியிடம் ஆழத்து நீரைத் தொடாதே என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது நியாயமாகாது. வறண்ட காலத்தில் நீர் குறைவாகத் தேவைப்படும் பயிர்களுக்கு மாறவும், மழைநீரையும் ஆற்று நீரையும் தேக்கிப் பயன்படுத்தவும் அரசு அவருக்கு உதவ வேண்டும். அந்தச் செலவு பெரியது. ஆனால் கெட்டுப்போன ஆழ நீர்த்தாங்கியை மீண்டும் சுத்தப்படுத்த நடைமுறையில் வழியே கிடையாது.

நம் நாட்டிலும் வறட்சி வந்தால் நிலத்தடி நீரைப் பற்றிய பேச்சு எழுகிறது. கிளந்தான் மக்கள் நெடுங்காலமாக அதைக் குடிநீராகப் பயன்படுத்துகிறார்கள். நான் அதற்கு எதிரானவன் அல்லன். ஆனால் புதிய கிணறு பற்றிய செய்தியை நாளிதழில் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்தெந்தப் பொருள்களைச் சோதித்தார்கள்? இறைக்கத் தொடங்கினால் நீர் எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு வேகத்தில் வந்து சேரும்? அடுத்த சோதனை எப்போது? முதல் கேள்விக்கு மட்டும் விடை இருந்தால், அந்தக் கிணற்றின் இன்றைய நிலை மட்டுமே நமக்குத் தெரியும்.